பாகான் டத்தோ மட்டும் காலியாக இருந்த வரைபடம்

அந்துருண்டை வாசனையோடு ஒரு காகிதச் சுருள் மூன்று நாள்களாக என் அலமாரியின் மேல் கிடக்கிறது. உன் அண்ணன் ஈப்போவிலிருந்து அனுப்பியிருக்கிறார். "தங்கச்சி பெட்டியில இருந்துச்சு. உங்க எழுத்தும் இதுல இருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, ரப்பர் வளையத்தில் செருகியிருந்தார். வெளியே தெரிந்த பாதி மீன் படத்தையும் சீன எழுத்தையும் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி. அதன் பின்பக்கத்தில் நீ வரைந்த பேராக் மாநில வரைபடம்.

பிரிக்கப் பயமாக இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளையும் பார்த்துவிட்டவள் ஒரு பழைய தாளைக் கண்டு நடுங்குகிறேன். "ஒனக்குப் பயப்படுறதுக்குன்னே தனியா ஒரு டிகிரி குடுக்கலாம் லா" என்று நீ அடிக்கடி சொல்வாய். உன் அடக்கத்தன்றும் தேவாலயத்தில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். உன் சவப்பெட்டிக்கு அருகில் வரவே இல்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சுருளைப் பிரித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் கோலாலம்பூரில் ஒரே வகுப்பில் பொருளாதாரம் படித்து, பட்டத்தோடு ஊர் திரும்பினோம். திரும்பிய நேரம் சரியில்லை. ஈய விலை விழுந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. உன் அப்பா வேலை பார்த்த சுரங்கமும் மூடியது. அரசாங்க வேலைக்கு ஆள் எடுப்பது அரிதாகிவிட்டது. பட்டதாரி என்று சொன்னால் "பாவம்" என்று பதில் வந்த காலம் அது.

உன் கவலை ஒரு மாதிரி, என் கவலை வேறு மாதிரி. உனக்கு ஈப்போவில் சொந்த வீடு இருந்தது, பலகை வீடானாலும். என் அப்பா கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ரப்பர் பால் இறக்க மரம் வெட்டினார். அந்த ஆண்டுக் கடைசியில் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. தோட்டம் கொடுத்த லயத்து வீடு அங்கே வேலை செய்கிறவருக்குத்தான். வேலை முடிந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இன்னொருவர் செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டில் பெயர் கொடுத்துத் தோட்டத்து ஆளாக வேண்டும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. தம்பி பள்ளிக்கூடத்தில். மிச்சம் இருந்தது நான்தான்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி ஒருநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, பட்டம் வாங்கிய பிள்ளை பால் வாளி தூக்குமா என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்ததும் கறுப்பு அங்கியோடு நான் நிற்கும் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணிகளுக்கு அடியில் வைத்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிகிற நேரத்தில் பெரட்டு மணி அடிக்கும்போதெல்லாம் அது என்னைக் கூப்பிடுகிற மணி என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

உன்னிடம் ஓடி வந்தேன். நீ என் கண்ணீரைத் துடைக்கவில்லை, நாள்காட்டியைக் கிழித்தாய்.

"பேப்பர்ல வர்ற வேலைக்கு நாடே எழுதும். நாம பேராக்க மட்டும் பார்ப்போம். எந்த ஊர்ல என்ன மூடுது, என்ன தொறக்குது, யாரு வேலைய விட்டுப் போறாங்க. அது தெரிஞ்சா விளம்பரம் வர்றதுக்கு முன்ன நாம போய் நிக்கலாம்."

பெரிய ஆபீஸ்களில் ஆள் வைத்துச் செய்யும் வேலையை நாம் இரண்டு பேனாவோடு தொடங்கினோம். உனக்குச் சிவப்பு, எனக்கு நீலம். ஈப்போவும் வடக்கும், அப்புறம் சிலிம் ரிவர் வரை போகிற பெரிய சாலையும் உன் பங்கு. தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ வரை கடலோரம் என் பங்கு. புதன்கிழமைதோறும் பஸ் ஏறி, தொழிலாளர் இலாகா அறிவிப்புப் பலகையையும் தொழிற்சாலை வாசலில் ஒட்டியதையும் பார்ப்பேன். பலகையைவிட வாய்தான் அதிகம் சொன்னது. டைப்பிஸ்ட், பஸ் டிக்கெட் கிழிப்பவர், ஆபீஸ் வாசலில் மீ நூடுல்ஸ் விற்பவர், இவர்களுக்குத்தான் யாருக்கு மாற்றல், யாருக்குப் பிரசவம் என்பதெல்லாம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நீ வந்ததும் உன் வீட்டுச் சமையலறையில் தாளை விரிப்போம். ஒவ்வோர் ஊருக்கும் மூன்று சங்கதி எழுத வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். என்ன மூடுகிறது, என்ன திறக்கிறது, அங்கே யாரைக் கேட்பது. கேட்கிற ஆளின் பெயருக்குப் பக்கத்தில் அவர் குணத்தையும் எழுதுவாய். 'மழுப்புவார்.' 'தேத்தண்ணி வாங்கித் தரணும்.' 'பொண்டாட்டியைக் கேட்டால் வேலை நடக்கும்.' நம்பிக்கையானவர் என்றால் இரண்டே சொல்: 'கேட்டால் சொல்வார்.' அந்த இரண்டு சொல்லை நீ லேசில் யாருக்கும் எழுத மாட்டாய். பேராக் முழுக்க நாலைந்து பேருக்குத்தான் அது கிடைத்தது.

விண்ணப்பம் எல்லாவற்றிலும் உன் வீட்டு முகவரிதான். தோட்டத்துக்கு வரும் கடுதாசி கிராணி கைக்குப் போய், அவர் பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எங்களுக்குக் கிடைக்கும். அவர் மறந்தால் ஒரு வாரம் மேசையிலேயே தூங்கும். அதனால் நீ உன் தட்டச்சுப் பொறியில் நம் இருவர் சுயவிவரத்தையும் கார்பன் வைத்து மூன்று மூன்றாக அடித்து வைத்திருந்தாய். என் பெயருக்குக் கீழே உன் முகவரி.

அந்தப் புதன்கிழமை. பாகான் டத்தோவில் தென்னைக்காரர்களின் கூட்டுறவுச் சங்க ஆபீஸில் இருந்த டைப்பிஸ்ட் அக்கா என்னை உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். அங்கே ஆராய்ச்சி உதவியாளராக இருந்த பெண் கல்யாணமாகி ஜொகூருக்குப் போகிறாள். விளம்பரம் இன்னும் போடவில்லை. பொருளாதாரம் படித்தவர்தான் வேண்டும், ஓரிடம்தான்.

"கூட்டாளி யாரும் இருந்தா அவங்களையும் எழுதச் சொல்லும்மா. ரெண்டு மூணு பேரப் பார்த்துட்டுத்தான் செயலாளர் எடுப்பாரு."

சரி என்று தலையாட்டினேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உன் மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம். உன் மலாய் சுத்தம். நீ தட்டச்சு செய்வாய், நான் செய்ய மாட்டேன். நீ எழுதினால் வேலை உனக்குத்தான். செயலாளர் இடத்தில் நான் இருந்தாலும் உன்னைத்தான் எடுப்பேன். வழியெல்லாம் செம்பனையும் தென்னையும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அப்பா லயத்து வாசலில் பாயும் தகரப் பெட்டியுமாக நிற்பதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாளை விரித்தாய். தெலுக் இந்தானுக்கு எழுதினேன். உன் விரல் தாளில் பேராக் ஆற்றோரமாகவே இறங்கிக் கடலில் நின்றது.

"பாகான் டத்தோ?" என்று கேட்டாய்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

நீ மேலே ஏறி கோலா கங்சாருக்குப் போய்விட்டாய். அந்த ஊர் மட்டும் காலியாக நின்றது. பொய்யை எழுதத் துணிச்சல் இல்லாமல் வெறுமனே விட்டிருந்தேன்.

மறுநாள் கைப்பட விண்ணப்பம் எழுதினேன். முதல்முறையாகத் தோட்டத்து முகவரியைப் போட்டேன், பதில் உன் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று. அப்புறம் பத்து நாள் நான் பட்ட பாட்டை உனக்கு எப்படிச் சொல்வது. அப்பா பெரட்டுக்குப் போனதும் நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய், கிராணி பெயர் கூப்பிடுவதைக் கேட்டபடி நிற்பேன். என் பெயர் வரவே இல்லை. கிராணி மறந்துவிட்டாரா, கிழித்துப் போட்டுவிட்டாரா, அல்லது நீ எப்படியோ கேள்விப்பட்டு எழுதிவிட்டாயா என்று மனம் தறிகெட்டு ஓடியது. ஆபீஸ் படியேறிக் கேட்க அப்பாவுக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை.

பதினோராம் நாள், வியாழக்கிழமை நடு மத்தியானம், நீ வந்தாய். இரண்டு பஸ் மாறி, பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் குடை இல்லாமல் நடந்து வந்திருந்தாய். முகம் சிவந்து கிடந்தது. கையில் ஒரு நீள உறை. அதன் மூலையில் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர், கொட்டை எழுத்தில், அதன் கீழ் பாகான் டத்தோ.

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. விண்ணப்பத்தில் முகவரியை மாற்றியவள், அதோடு இணைத்த சுயவிவரத்தை மறந்துவிட்டேன். அது நீ கார்பன் வைத்து அடித்த தாள். பதில் எழுதியவர் அதைப் பார்த்து உறையில் உன் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறார்.

"ஒனக்குத்தான் வந்திருக்கு. பிரிக்கல. அவசரமா இருக்குமோன்னு எடுத்தாந்தேன்" என்றாய்.

பிரித்தேன். மறுநாள் காலை நேர்முகம். நீ கேட்கப் போகிறாய், இதோ கேட்கப் போகிறாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாய். அப்பாவின் முழங்கால் வலியை விசாரித்தாய். கிளம்பும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"அங்க கடல் காத்து ஜாஸ்தி. முடிய இறுக்கிக் கட்டிட்டுப் போ லா."

அவ்வளவுதான். நீ திட்டியிருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

நேர்முகத்தில் செயலாளர், வேறு யாரும் எழுதவில்லையா என்று டைப்பிஸ்ட் அக்காவைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். வேலை கிடைத்தது. ஆண்டு முடியுமுன் தென்னந்தோப்புக்கு நடுவில் வாடகை வீடு பிடித்து அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டேன். அப்பா புது வீட்டில் முதலில் செய்த காரியம் என் படத்தை மாட்டியது. அதன் எதிரில் உட்கார்ந்து எனக்குச் சாப்பிடப் பிடிக்காது. உனக்கு வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அதுவும் சிலிம் ரிவரில் தற்காலிக ஆசிரியை. அந்த ஒன்றரை வருடமும் உன் வீட்டில் என்ன சமைத்தார்கள், எதை விற்றார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில் ஒரு பெண் கோப்போடு ஆபீஸுக்கு வந்தாள். "அக்கா, இந்தப் பக்கம் ஏதாச்சும் காலி இருக்கான்னு ஒங்களக் கேக்கச் சொன்னாங்க" என்றாள். யார் என்றேன். ஈப்போவில் ஓர் அக்கா என்றாள். என்னைச் சோதிக்க அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். தெரிந்ததை ஒன்று விடாமல் கொட்டினேன், கொப்பரை ஆலையில் விலகப் போகும் கணக்கர், பள்ளியில் பிரசவ விடுப்பில் போகும் ஆசிரியை, எல்லாம். அடுத்த மாதம் இன்னொருத்தி. அப்புறம் ஒரு பையன். வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவரிடமும் நான் மறைக்கவில்லை. நல்ல மனசு என்று ஊரில் பேர் வாங்கினேன். நல்ல மனசெல்லாம் இல்லை. மறைத்தால் உன் காதுக்கு வரும் என்ற பயம்தான்.

என் கல்யாணத்தன்று அறையில் நாம் இருவர் மட்டும் இருந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அந்தக் கடுதாசி" என்று ஆரம்பித்தேன். "பூ சரிஞ்சிருக்கு, திரும்பு" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாய். பின்னால் நின்று பூவைச் சரிசெய்த உன் முகம் எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் வாய் திறக்கவே இல்லை.

கெடு வந்துவிட்டது. பிரிக்கிறேன்.

நீலம் வெளுத்துப் போயிருக்கிறது. சிவப்பு பழுப்பாகிவிட்டது. நாம் விட்ட பிறகும் நீ விடவில்லை என்று தெரிகிறது, நான் பார்த்திராத உன் குறிப்புகளெல்லாம் ஊர்களைச் சுற்றி நெருங்கிக் கிடக்கின்றன. ஆற்றோரமாகவே விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன். பாகான் டத்தோ காலியாக இல்லை. உன் சிவப்பு எழுத்தில், 'கூட்டுறவுச் சங்கம். ஓரிடம். நிரம்பிவிட்டது.' அதற்குக் கீழே, யாரைக் கேட்பது என்று எழுதும் இடத்தில் என் பெயர். பெயருக்குப் பக்கத்தில், 'கேட்டால் சொல்வாள்.'

நீ கேட்டாய். நான் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொண்டே இதை எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு, அது உண்மையாகும்வரை ஒவ்வொருவராக என்னிடம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாய்.

நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த வருடம் பட்டம் வாங்கியவள், இந்த வட்டாரத்தில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்க வருகிறாள். இத்தனை காலம் உனக்குப் பயந்து சொன்னேன். இனி யாருக்குப் பயப்படுவது என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் கேட்டால் சொல்வேன்.