மேல் மூலையில் சிவப்புப் புள்ளி

மார்ச் 4

என் தங்கை எங்கள் ஆண்டெனா ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் வடிவமைத்த பலகையும் என் பலகையும் போட்டியில். சோதனைக் கோபுரத்தில் ஏறப்போவது ஒன்றுதான். "உங்க தங்கச்சி கெட்டிக்காரி. வீட்டுல நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்கிறார் குழுத் தலைவர். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 5

பொறாமைதான். எழுதிவிட்டேன். போதுமா?

மார்ச் 9

அம்மா போனில் கேட்டாள், "ரெண்டு பேரும் அப்படி என்னதான் பண்றீங்க?"

"மெட்டாசர்ஃபேஸ்னு ஒரு சதுரப் பலகைம்மா. மேல குட்டிக் குட்டியா செம்புக் கட்டம். ஆண்டெனா முன்னால வச்சா, நிமிர்ந்து வர்ற அலைய ஒடுக்கி தூரத்துக்கு அனுப்பும். படுத்து வர்ற அலைய விரிச்சுப் பக்கத்துத் தெருவுக்கெல்லாம் குடுக்கும். ஒரே பலகை, ரெண்டு வேலை."

"சின்னவ இன்னும் புரியற மாதிரி சொன்னா." பிறகு, "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடறியா இல்லையா?"

பசியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 12

காலையில் தங்கை என் தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். என் பலகையின் ஓரங்களில் அலை கசிகிறது. எத்தனையோ மாதமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். இவள் தன் பலகையில் ஓரத்துக் கட்டங்களை மட்டும் சற்றுச் சாய்த்திருக்கிறாள். அவ்வளவுதான். கசிவே இல்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்ல."

பாவி. பிரமாதமாக இருந்தது.

மார்ச் 17

அலையை அளக்கும் அறையில் அவள் பலகை தோற்றது!

திரையில் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. ஒடுங்க வேண்டிய கோடு விரிந்தும், விரிய வேண்டியது ஒடுங்கியும் கிடந்தன. பலகையைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டியிருக்கிறாள். சதுரம்தானே, எப்படி வைத்தாலும் சட்டத்தில் உட்காரும். அதற்குத்தான் நான் எப்போதும் மேல் இடது மூலையில் சிவப்புப் புள்ளி ஒட்டுவேன். அவள் பலகையில் புள்ளியைக் காணோம். அவசரக்குடுக்கை.

"என் கணக்குலதான் தப்பு சார்" என்றாள். தலைவர் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "அப்ப அக்காவோடதே போகட்டும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 18

என் பலகையை மாட்டுவதற்காக அவளுடையதைக் கழற்றினேன். பின்பக்கம் சிவப்புப் புள்ளி. அழகாக, மூலையோடு மூலையாக ஒட்டியிருந்தது, மேல் என்று அம்புக்குறியோடு. மாட்டியிருந்த நிலையில் அந்த அம்பு பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெரிந்தேதான் மாட்டியிருக்கிறாள்.

எனக்காக — விட்டுக்கொடுத்தாளாம்! யார் கேட்டார்கள்? என்னைப் பார்த்தால் அவளுக்கு அவ்வளவு பாவமாகவா இருக்கிறது? அவள் பலகையையே நேராக மாட்டி அளந்தேன். கோடுகள் கத்தி மாதிரி வந்தன. அதை அப்படியே தலைவருக்கு அனுப்பினேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, கோபம்தான்.

மார்ச் 19

வீட்டில் ஒரே சண்டை.

"நீ சாப்பிடறதே இல்லைன்னு அம்மா அழுதாங்க. நான் என்னக்கா பண்றது?"

"தோத்தா நானாத் தோத்துக்கறேன். நீ யாரு எனக்கு வெற்றியத் தூக்கிக் குடுக்கறதுக்கு?"

கதவை அறைந்து சாத்தினாள். நானும் அறைந்தேன்.

மார்ச் 23

பேச்சு இல்லை. அவள் பலகை தேர்வாகிவிட்டது.

ஏப்ரல் 6

கோபுரத்தில் ஏற்றினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வயிறு எரியத்தான் செய்தது.

திரும்பி வந்தால், என் பலகையை மேசையில் போட்டுக் குனிந்திருக்கிறாள். நிமிரக்கூட இல்லை.

"அக்கா, ஓரம் மட்டும் இல்ல, இதுல நடுவுலயும் தப்பு. இதை எப்படி நீ இவ்வளவு நாளா பாக்காம விட்ட?"

ஒரு தயவு தாட்சண்யம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கடி? காட்டு."