படிவத்தில் மாறிய என் மதம்

செம்பூர், ஞாயிறு

அன்புள்ள வந்தனா,

நீயும் மாப்பிள்ளையும் டப்ளினில் சுகம்தானே. இங்கே என் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். முதலில் ஒன்று, நான் மதம் மாறவில்லை. மாட்டுங்கா முழுக்க அப்படிச் சொல்லித் திரிகிறவள் என் தங்கை, உன் சித்தி ஷ்யாமளா. ஆபரேஷன் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, கான்வென்டில் முழங்கால் வலிக்க வலிக்கச் சொன்ன இங்கிலீஷ் ஜெபம் என் வாயில் வந்துவிட்டது. ஸ்லோகங்களை நான் வலியில்லாத நாட்களில்தான் சொல்லியிருக்கிறேன். இந்த ஆஸ்பத்திரியில் ஆன்மிகப் பராமரிப்புப் பிரிவாம், அதில் மெஹக் என்று ஒரு பெண், அதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் படிவத்தில் கிறிஸ்தவர் என்று பதிந்தாள். மறுநாள் ஒரு பாஸ்டர் வந்து என் தலையில் கை வைத்த நேரம் பார்த்து ஷ்யாமளா விபூதியோடு நுழைந்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவளுக்கு என்றைக்கு இருந்தது? தவறைத் திருத்துவதாக நினைத்து மெஹக் தலையணையருகே பஜனை பாடும் பெட்டியை வைத்தாள். கடவுளோடு சமாதானமாக இருக்கிறீர்களா ஆன்ட்டிஜி, ஐந்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்றாள். அவர் எனக்கு எத்தனை போட்டிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வா என்றேன். பதற்றம் அதிகம் என்று எழுதிக்கொண்டாள். நீயும் அங்கே நர்ஸ்களுக்கு இந்தப் பாடம்தான் நடத்துகிறாயாம். பெருமையாக இல்லை.

கட்டு மாற்றுகிற நர்ஸ் மாரீஸ்வரி, தாராவிப் பெண். ஆச்சி, அந்த இங்கிலீசை ஆரம்பிங்க, நீங்க ஆமென் சொல்லுதப்ப நானும் முடிச்சிருதேன் என்பாள். அப்படியே முடிப்பாள். ஒருநாள் பாதியில் எனக்கு மறந்துபோனது. பஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மெதுவா வரட்டும் ஆச்சி, சாமி எங்கயும் போயிராது என்றாள். என்னை ஆச்சி என்று கூப்பிட வேறு யாரையும் விட்டிருக்க மாட்டேன்.

இப்போது ஷ்யாமளாவின் பிள்ளை கேஷவ், மாரீஸ்வரிதான் என்னை மதம் மாற்றுகிறாள் என்று புகார் கொடுத்திருக்கிறான். அவள் நெற்றியிலிருக்கும் குங்குமம்கூட அந்த மேதாவியின் கண்ணில் படவில்லை. வியாழனன்று அவளை வேறு வார்டுக்கு அனுப்புகிறார்கள். வெள்ளியன்று எனக்கு மறுபடி ஆபரேஷன், ஸ்க்ரூ நகர்ந்துவிட்டதாம். நான் சொன்னால் மேட்ரன் கேட்பதில்லை, பதற்றக்காரி பேச்சு என்று ஒதுக்குகிறாள். மகள் எழுதினால்தான் எடுபடும். தபாலில் போட்டால் நாளாகும், அதனால் மெஹக்கே இதைப் படமெடுத்து அனுப்புகிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, வந்தனா. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. கட்டுப் பிரிக்கும்போது மாரீஸ்வரி பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஈரத்தலையோடு டியூட்டிக்குப் போகாதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். போன் செய்யாதே, போனில் நீ சமாதானம்தான் சொல்வாய். புதன்கிழமைக்குள், அவளை மாற்ற வேண்டாமென்று மேட்ரனுக்கு எழுது, எனக்கும் பதில் எழுது.

உன் அம்மா,
பாகீரதி அனந்தநாராயணன்