கம்பளிக் குல்லாவோடு எடுத்த அளவு

ஜெகதளா,
நவம்பர் 2001

ஏனுங்க,

உங்கள் ப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. நானும் குழந்தை தாரிணியும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே கேட்டிருக்கிறேன்; ஒளிக்காமல் பதில் போடவேண்டும்.

முதலில் நல்ல செய்தி. வெலிங்டன் நர்சரிப் பள்ளியில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள்! தேயிலை விலை விழுந்து உங்கள் பாக்டரியை மூடி, நீங்கள் திருப்பூர் போனதோடு பாக்டரி வண்டியும் நின்றுவிட்டதே, நேரத்துக்கு எப்படி வருவாய் என்று பெரிய டீச்சர் கேட்டார். சைக்கிளில் என்றேன். கல்லூரிக்கு ஓட்டிய அதே சைக்கிள்தான். நேற்று பெரிய வளைவைக் காலூன்றாமல் இறங்கிவிட்டேன்! திரும்பும்போது மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்ததைத் தாரிணியிடம் சொல்லவில்லை.

ஹெல்மெட் வந்தது. அது இல்லாமல் சைக்கிளைத் தொடாதே என்று எழுதி, தலையளவுக்கு நூல் கேட்டீர்கள். கடைக்கும் பள்ளிக்கும் போகிற சைக்கிளுக்கு யார் ஹெல்மெட் போடுகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு. ஆனாலும் அளந்து அனுப்பினேன், காலைக் குளிரில் கம்பளிக் குல்லாவோடு! இப்போது குல்லாவோடு மாட்டினால் பஸ் ஹாரன் கேட்பதில்லை. குல்லாவைக் கழற்றினால் ஹெல்மெட் கண்ணுக்கு இறங்குகிறது. டீச்சரம்மா நிலாவுக்குக் கிளம்பிட்டாங்களாட்ட இருக்குது என்று பக்கத்து ஊட்டு வீரம்மாக்கா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

அதைக் கொண்டுவந்த, உங்கள் ரூமில் இருக்கும் முத்துவேல் தம்பியிடம், அண்ணனுக்கு ஏன் இந்தத் திடீர்ப் பயம் என்று நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணன் சொல்லக் கூடாதுன்னாருங்க. ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வர்றப்போ லாரி தட்டிருச்சுங்க. தலையில தையல் போட்டாங்க."

உங்கள் கடிதத்தில் திருப்பூர் வெயிலைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. இது இல்லை. விழுந்தது நீங்கள், ஹெல்மெட் எனக்கா? தினமும் போகிற வழிதானே என்று உங்களுக்கு வேண்டாமென்று விட்டீர்களா? தினமும் போகிற வழியில்தானே விழுந்தீர்கள்?

புண் ஆறியதா? தலைவலி இருக்கிறதா?

ஹெல்மெட்டைத் தம்பியிடமே கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தலைக்கு அது சரியாக இருக்கும். அங்கே குல்லாவும் வேண்டாம். எங்கள் இருவர் தலையையும் குல்லா இல்லாமல் அளந்த புது நூல் ஒன்று இத்துடன் இருக்கிறது. பெரிய முடிச்சு நான், சின்ன முடிச்சு தாரிணி. அவளுக்கு அப்பாவோடு சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போகவேண்டுமாம். எனக்குப் புது ஹெல்மெட் வந்து சேரும்வரை இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே போவேன், சத்தியம். நீங்களும் ஒரு சத்தியம் எழுதுங்கள்.

சாமி உங்களைக் காக்கட்டும். சாமிக்கு நீங்களும் கொஞ்சம் ஒத்தாசை செய்யுங்கள்.

உங்கள்,
ஷண்முகப்ரியா