பெயரில்லாத முடிவுகள்

சட்டன்,
தெற்கு லண்டன், 14 சனவரி 1995

பேராசிரியர் பெனடிக்ற் அவர்களுக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். இனியும் இருந்தால் எனக்கே என்மேல் மரியாதை போய்விடும்.

நான் விட்டுவந்த உங்கள் பல்கலைக்கழகத்தின் புதிய கையேடு, நான் இப்போது படிப்பிக்கும் கல்லூரி நூலகத்துக்கு வந்திருக்கிறது. ‘ஐரோப்பியக் கூட்டு ஆய்வுகளில் எமது வலிமை’ என்று நான்கு பக்கம். நடுப்பக்கத்தில் நீர் கோட்டும் சூட்டுமாக நிற்கிறீர். கடலோரக் கொங்கிறீற்றில் உப்பு ஊறி உள்ளே கம்பி துருப்பிடிப்பதை ஆராய்ந்த எங்கள் திட்டம்தான் அந்த வலிமைக்கு முதல் உதாரணம். என் பெயர் எங்கேயும் இல்லை. கூட்டப் படத்தின் இடது ஓரத்தில் ஒரு தோள் தெரிகிறது. அது என்னுடைய தோள்.

வலிமை எங்கிருந்து வந்தது என்று கையேடு சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எங்களிடம் இருந்ததைவிட நல்ல கருவிகள் ஜேர்மன்காரரிடம் இருந்தன. கடற்காற்றைத் தின்று நிற்கும் பாலங்கள் டென்மார்க்கில் இருந்தன. ஆனாலும் எல்லோரும் லண்டனைத் தேடி வந்தார்கள். ஒரே கலவையில் வார்த்த கொங்கிறீற்றுக் கட்டிகளை எல்லா ஆய்வுகூடங்களுக்கும் அனுப்பினோம். வந்த முடிவுகளில் ஆய்வுகூடத்தின் பெயரை நீக்கி மேசையில் வைத்தோம். எது யாருடைய அளவீடு என்று தெரியாமலே வாதாட வேண்டும். வாதம் முடிந்த பிறகுதான் பெயர் வெளிவரும். சின்ன ஆய்வுகூடங்கள் எங்களை நம்பியது அந்த வழக்கத்துக்காக. அதை உண்டாக்கியவன் நான்.

கோப்பன்ஹேகன் கூட்டம் நினைவிருக்கும். மற்றெல்லாவற்றோடும் முரண்பட்ட முடிவு ஒன்று இருந்தது. அதைப் பிழையென்று தள்ள முதலில் கை தூக்கியவர் பெரிய ஜேர்மன் ஆய்வுகூடத்தின் தலைவர். மதியம்வரை வாதாடி, அதுவே சரியென்று அவரும் ஒப்புக்கொண்ட பிறகு பெயரைத் திறந்தோம். லிஸ்பனின் சின்ன ஆய்வுகூடம். பெயரோடு வந்திருந்தால் தேநீருக்கு முன்பே குப்பைக்குப் போயிருக்கும்.

அன்றிரவு விருந்தில் அந்த ஜேர்மன் தலைவரிடம், “இனியாவது பெயரைப் பார்த்து அளப்பதை விடுவீர்களா?” என்று கேட்டேன். மனிதர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். நீர் என் காதுக்குள், “தில்லை, உன்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஏலாதே?” என்றீர். லண்டனுக்குத் திரும்பியதும் திட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னிடமிருந்து உம்மிடம் வந்துவிட்டது. அவர் கேட்டார், நீர் வாங்கிக்கொண்டீர்.

வழக்கம் என்னுடையது. புகைப்படம் உம்முடையது.

இங்ஙனம்,
கலாநிதி க. தில்லையம்பலம்


டூட்டிங்,
22 சனவரி 1995

அன்புள்ள தில்லைக்கு,

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் கிடந்தவனுக்கு ‘அவர்களுக்கு’ போட்டு எழுதியிருக்கிறாய். என் மனுசி டொலறஸ் வாசித்துவிட்டு, “உங்கட சிநேகிதன் சுகமா இருக்கிறார் போல, கோவம் கொஞ்சமும் குறையேல்லை” என்றாள்.

கையேடு அச்சுக்குப் போகமுன் நான் பார்த்தேன். உன் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்கு என்னை ஏசு, கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பை வாங்கியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அன்று ஜேர்மன்காரர் விலகியிருந்தால் திட்டமே நின்றிருக்கும், லிஸ்பன்காரரின் வேலையும் சேர்ந்து.

இப்போது வேறொரு சங்கடம். ஐரோப்பிய நிதி கேட்டுப் பிரசல்ஸுக்குப் புதிய திட்டம் அனுப்புகிறோம். அடுத்த மாதம் பங்காளிகள் எல்லோரும் லண்டனில் கூடுகிறார்கள். பெயர் நீக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று அதே மனிதர் கேட்கிறார். பெரிய ஆய்வுகூடங்கள் தலையாட்டுகின்றன. அது போனால் லிஸ்பன் போகும், கிரேக்கர் போவார்கள். பிறகு எங்களிடம் மிஞ்சுவது அந்தக் கையேடுதான்.

அந்த வழக்கம் ஏன் வேண்டுமென்று எனக்கு விளக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். ஒரு பக்கம் எழுதித் தா. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்: அடியில் உன் பெயர் இருந்தால் அவர் வாசிக்காமலே தள்ளிவிடுவார். பெயரில்லாமல்தான் தரவேண்டும். உன்னிடம் போய் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்றாலும் கேட்கிறேன்.

உன்,
பெனடிக்ற்


சட்டன்,
3 பெப்ரவரி 1995

பெனடிக்ற்,

உன் கடிதத்தை வீட்டில் சிவமலருக்கு வாசித்துக் காட்டினேன். “பேர் போடேல்லையெண்டு சண்டை பிடிக்கிற மனுசனிட்ட, பேரில்லாமல் எழுதித் தாவெண்டு கேக்கிறார். அவருக்கும் துணிவுதான்” என்றாள். பிறகு, “எழுதப் போறியளோ?” என்றாள். நான் தட்டச்சுப் பொறியை எடுத்தேன். அவள் மேசையைத் துடைத்துத் தந்தாள்.

கோபம் ஆறிவிட்டதென்று நினைக்காதே. அந்தத் தோளை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் நான் செய்தவற்றில் நிற்கக்கூடியது அந்த வழக்கம் ஒன்றுதான். அதை அந்த மனிதர் என் வாயைச் சாட்டாக வைத்து உடைப்பதைச் சட்டனில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.

இத்துடன் ஒரு பக்கம் இருக்கிறது. திருத்தாதே. தொடக்கத்தில் வரவேற்பும் நன்றியும் சேர்க்காதே. நீ சேர்க்கப் பார்ப்பாய். ஆளுக்கொரு பிரதி கொடுத்து, நீ பேசமுன் வாசிக்க விடு. யார் எழுதியது என்று அவர் கேட்பார். வாதம் முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்று சொல். அதுதானே எங்கள் வழக்கம். வழக்கத்தை வைத்துக்கொள்வது என்று முடிவானால் பெயரைச் சொல், அவர் முகத்தை வடிவாகப் பார்த்துக்கொள். டூட்டிங்கில் கொத்துரொட்டிக் கடையில் அந்த முகத்தை நீ எனக்கு நடித்துக் காட்டவேண்டும். தோற்றால் யாருக்கும் சொல்லாதே.

தோற்காது. மனிதர் தலைக்கனம் பிடித்தவர், ஆனால் நல்ல பொறியியலாளர். சரியான வாதத்தைக் கண்டால் அவரால் தள்ளிவிட முடியாது. கோப்பன்ஹேகனிலும் முடியவில்லை.

முதலில் அடித்த தாளில் பழக்கதோஷத்தில் அடியில் ‘கலாநிதி’ என்ற பட்டத்தில் தொடங்கிப் பெயர் முழுவதையும் போட்டுவிட்டேன். சிவமலர் பார்த்தாள். அதைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன். கையால் எழுதும் இந்தக் கடிதமும் உன் மேசையில் கிடந்து யாருடைய கண்ணிலாவது படலாம். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கும் என் கையொப்பம் தெரியும். அதனால் இரண்டையும் கையொப்பமில்லாமலே இப்போது போய்த் தபாலில் போடப் போகிறேன்.

என் எழுத்து உனக்குத் தெரியும்.