மதில் உடைப்பில் நின்று கூப்பிட்டவனுக்கு

அன்பான மச்சான் பரமு,

நீ போய்ச் சேர்ந்த பிறகு இத்தனை வருசமாக நான் மலைக்கு ஏறவேயில்லை. போன கிழமை அந்த அகழ்வாராய்ச்சி அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். இங்கே இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ ஊருக்கு மேலே நாங்கள் இருவரும் பற்றை வெட்டிய அதே இடம்தான். கமக்காரர் எப்போதோ விட்டுப்போன குடியிருப்பு. வீடுகளின் அத்திவாரமும் காணி பிரித்த கல்மதில்களும்தான் மிச்சம்.

முதல்நாள் நீ செய்த கூத்து நினைவிருக்கிறதா? மதில் உடைப்புக்கு முன்னால் நின்று, ஊரில் வீட்டு வாசல் படலையில் நிற்பதுபோல, "வீட்டுக்காரர்... வீட்டுக்காரர்..." என்று கூப்பிட்டாய். எனக்கு மானம் போனது.

"விசரா, உள்ளுக்கை கூரையே இல்லை. ஆரடா வரப்போயினம்?" என்றேன்.

"கேளாமல் எப்பிடி உள்ளை போறது? ஆரும் பதில் சொல்லாட்டித் திரும்பிப் போறதுதான் முறை," என்றாய். என்னவென்று விசாரித்த சிஞ்ஞோராவுக்கும் உன் ஓட்டை இத்தாலியனில் விளக்கினாய். அவர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்ததும் அந்த வருசமே நீ ஊருக்குப் போனாய். உங்கள் வீடு ஆமியின் வலயத்துக்குள். திரும்பி வந்து, இங்கே எங்கள் குசினியில் இருந்துகொண்டு சொன்னாய்: "ஆமியின்ரை முள்ளுக்கம்பிக்கு இஞ்சாலை நிண்டு பாத்தன் மச்சான். அத்திவாரம் மட்டும்தான் கிடக்கு. கூப்பிட்டும் பாத்தன். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை."

அதன் பிறகு மலையிலும் நீ கூப்பிடவில்லை. நேரே உள்ளே போவாய், பற்றை வெட்டுவாய். வருசம் திரும்பமுதல் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. "அண்ணா இன்னும் அந்தக் கம்பியடியிலைதான் நிக்கிறாரோ?" என்று உன் தங்கச்சி கேட்கிறாள். என்னத்தைச் சொல்ல? எனக்கும் அந்தப் பயம்தான்.

போன கிழமை நானும் அந்த உடைப்பில் நின்றுவிட்டேன். நீ உள்ளே நிற்கிறாய் என்று ஒரு நினைப்பு. சிரிக்காதே. வாய் தானாக, "வீட்டுக்காரர்..." என்றது.

"ஓம், வாங்கோ," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அடுப்படி அத்திவாரத்துக்குள் குந்தியிருந்து மண் சுரண்டிய சிஞ்ஞோரா மெல்ல எழும்பினார். "பரமுதான் இந்தப் பதிலைச் சொல்லித் தந்தான். கூப்பிடுகிறவன் வெளியிலேயே நின்றுவிடக்கூடாது, பதில் சொல்ல உள்ளே ஒருவர் இருக்க வேண்டுமாம்," என்றார் இத்தாலியனில். கள்ளா, எனக்கு ஒரு சொல் சொன்னாயா? அந்த மதிலில் குந்தியிருந்து நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

சண்டை முடிந்துவிட்டதாம். உங்கள் பக்கத்தை ஆமி இன்னும் விடவில்லை. "விட்டாலும் ஆர் தம்பி போய்ப் பாக்கிறது?" என்று மாமி, உன் அம்மா, போனில் கேட்டா. "நான் போறன் மாமி," என்றேன். சும்மா சொல்லவில்லை, மச்சான். விடுகிற அன்றைக்கு நான் முந்திப் போய், உன் வீட்டு அத்திவாரத்துக்குள் குந்தியிருப்பேன். நீ கம்பியடியை விட்டு ஆறுதலாக வா. படலை இருந்த இடத்தில் நின்று ஒருக்கால் கூப்பிடு. உள்ளே நான் இருப்பேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
உன் தங்கச்சி புருசன்