கழற்றும் நொதி

சைகோன், 1972 மார்ச் 9, வியாழன்

காலையில் ஆய்வகத்தில் எதிர்பார்த்தது நடந்தது. டி.என்.ஏ. இழையோடு பிணைந்து கிடக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒட்டியிருந்த அசிட்டைல் என்ற சிறு வேதித் துண்டை, கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த நொதி கழற்றிவிட்டது. புரதத்துக்குச் சேதமில்லை. ஒட்டுவதற்கு முன் இருந்தபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கடலோர ஊரான வுங் டாவிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறாள். நேற்று லாரி மோதி அண்ணன் இறந்துவிட்டானாம். வியட்நாமிய மொழியில் சொன்னாள். அப்பாவுக்கும் அந்த மொழி தெரியும். ஆனாலும் என்னையே பார்த்தார். தமிழில் சொன்னேன்.

“அவனைத்தான் இவளைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே தலைமுழுகிட்டேனே. இன்னொரு தடவை எதுக்குக் குளிக்கணும்?” என்றார்.

அண்ணிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. சாப்பாடு வேண்டாம் என்றாள். என் கட்டிலில் படுக்க வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஒட்டியதைக் கழற்றவும் ஒரு நொதி இருக்கிறது என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கொல்லைக் குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் தலையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. துண்டை எடுத்துப்போய்க் குளியலறைக் கதவில் போட்டேன். தண்ணீர் நின்றது.

“மருமக சாப்பிட்டாளா?” என்றார் அப்பா.