கிளாக்கர் கொடுத்த சிடி

சந்திரபோஸ் தேயிலை ஃபேக்டரியிலிருந்து வர மத்தியானமாகும். அவன் மனைவி செல்வமலர் ஹட்டன் பஸ்ஸுக்குப் புறப்படுமுன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்.

"என்னங்க, ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். இருமல் மருந்த மறக்காம குடிங்க.

தோட்டத்துத் தொரை ஆபீஸ்ல கணக்கெழுதுற கிளாக்கர் குடுத்த சிடிய நேத்து நம்ம கம்பியூட்டர்ல போட்டீங்க. இந்த புரோகிராம் இன்டர்நெட்டுக்குப் போகலாமான்னு கம்பியூட்டருக்குக் காவலா இருக்குற ஃபயர்வோல் கேட்டுச்சு. நான் வேணாம்னேன். 'நம்ம ஆளு குடுத்ததுதானே'ன்னு நீங்க சரின்னு அமுக்கிட்டீங்க. ஜாதகம் பாக்குற புரோகிராமுக்கு இன்டர்நெட் எதுக்கு? நம்ம கம்பியூட்டர்ல இருக்குறத வெளிய அனுப்பவா?

நம்ம லயத்து வீடுங்களுக்குத் தண்ணி கேட்டு முப்பத்தொரு பேரு கையெழுத்து வச்ச மனுவ ஸ்கேன் பண்ணி அந்தக் கம்பியூட்டர்லதான் வச்சிருக்கேன். தொரை கைக்கு அந்தப் பேருங்க போனா அவங்க பொழப்பு என்னாகும்? காலையில அந்தப் புரோகிராம அழிச்சிட்டேன். இப்ப ஃபயர்வோல்ல ஈமெயிலுக்கு மட்டுந்தான் அனுமதி. நீங்க திரும்பப் போட்டா நான் திரும்ப அழிப்பேன்.

கிளாக்கர் நல்லவராவே இருக்கட்டும். வந்தா பிளேன்டீ குடுங்க. கம்பியூட்டர் முன்னால மட்டும் உக்கார வைக்காதீங்க."

படித்துப் பார்த்தாள். கடுமையாகத்தான் இருந்தது. ஒரு சொல்லையும் அடிக்க மனம் வரவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"மனுவ ஹட்டன் லேபர் ஆபீசுக்கு இன்னைக்கு நானே கொண்டு போறேன். யாரு எழுதுனதுன்னு கிளாக்கர் கேட்டா மறைக்காதீங்க. மத்தவங்க பேரு வேணாம். எம் பேர மட்டும் சத்தமா சொல்லுங்க."